நேராகப் போன படகு

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த பிரகாசத்தின் நெஞ்சில் ரோஜா மாலையை வைக்கக் குனிந்தார் சீனிவாசன். குனிந்த வேகத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நீல டப்பா நழுவி விழுந்து, சிமெண்டுத் தரையில் சறுக்கி, ஐவியின் காலடியில் வந்து நின்றது.

ஐவிக்குப் பகீரென்றது. அவளுடைய அப்பா பிரகாசத்தின் மாத்திரை டப்பா அது. ஊரில் ஆயிரம் நீல டப்பா இருக்கலாம். மூடியில் பிளாஸ்டர் ஒட்டி, ‘வலித்தால் நாக்குக்கு அடியில்’ என்று அவள் கைப்பட எழுதியது ஒன்றே ஒன்றுதான். திறந்து பார்த்தாள். பன்னிரண்டு போட்டுக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டும் அப்படியே இருந்தன.

“இது எப்படி அங்கிள் உங்க பையில?”

சீனிவாசன் முந்தாநாள் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன்தான்மா கொடுத்தான். வச்சுக்கோன்னான்.”

“ஏன்?”

“ஸ்வல்ப, கொஞ்சம் பொறு ஐவி. அப்புறம் பேசலாம்.”

அப்புறம் என்ன அப்புறம்? முந்தாநாள் கண்ணம்பாடி அணையின் பின்நீரில், இவருடைய சின்னப் பாய்மரப் படகில் அப்பா தனியாகப் போனார். அக்கரை போய்ச் சேர்ந்த படகில் உயிரில்லாமல் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சரி, மாரடைப்பு. நெஞ்சுவலிக்காரனை ஒண்டியாகப் படகில் ஏற்றிவிட்டு, அவன் மாத்திரையைத் தன் பையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவருக்கு என்ன பெயர்? ஐவி பத்து வருஷமாக நர்ஸ். எதையோ மறைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நேராகப் போய் அம்மாவின் காதில் சொன்னாள். “அந்த ஆள் அப்பா பெட்டியைத் தொடக் கூடாது. தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“ஐயோ, ஃபாதர் வர்ற நேரத்துல எதுக்குடி சண்டை?” என்றாள் மரியா. “நாப்பது வருஷ சிநேகிதம்டி அது.”

“அதனாலதான் கேக்கிறேன்.”

தம்பி டேவிஸ் தயங்கித் தயங்கிப் போய் சீனிவாசனிடம் விஷயத்தைச் சொன்னான். மனுஷர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாசல் கேட்டருகே போய்த் தனியாக நின்றுகொண்டார். தப்பு செய்யாதவன் இப்படியா வாயை மூடிக்கொண்டு போவான்? ஐவியின் சந்தேகம் இன்னும் இறுகியது.

அப்பாவின் அறையில் படகில் கிடந்ததையெல்லாம் அள்ளி சீனிவாசன் காலையில் கொண்டுவந்து வைத்த பை இருந்தது. அதிலும் ஏதாவது இருக்கும் என்று கொட்டிக் கவிழ்த்தாள். செருப்பு, குடை, அப்பாவின் நோட்டு, கடைசியாக அந்தச் சனியன் பிடித்த ஆட்டோ பைலட்.

சீனிவாசனின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கறுப்புப் பெட்டி அது. உள்ளே திசைகாட்டி, வெளியே நீண்டு சுருங்கும் ஒரு தண்டு. சுக்கானைத் தானே தள்ளி இழுத்துப் படகை நேராக விடும் என்று பேர். விட்டால்தானே! கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், பிறகு குடிகாரன் மாதிரி இடப்பக்கம் ஒதுங்கும். பாலிடெக்னிக் லேபில் முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்த பிரகாசத்துக்கு இது மானப் பிரச்சினை. நாலு மாதமாகச் சோறு தண்ணி மறந்து, பனியனோடு இந்த மேஜையில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

நோட்டைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே புலம்பல். ‘வீட்டில் சரி. படகில் இழுக்கிறது.’ ‘வயர் மாற்றியாச்சு. வீட்டில் சரி. படகில் இழுக்கிறது.’ கடைசிப் பக்கத்தில் முந்தாநாள் தேதி. ‘பெட்டிக்குப் பக்கத்தில் சீனி உட்கார்ந்தால் சரியாகப் போகிறது. நான் உட்கார்ந்தால் இழுக்கிறது. கோளாறு பெட்டியில் இல்லை. என்னிடம்தான் ஏதோ இருக்கிறது.’

ஐவி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கதவு ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் சட்டை போடுவதில்லை.

கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். சயாஜிராவ் ரோட்டில் கடை கடையாக ஏறி அவள்தான் வாங்கினாள். சாதாரண மூடி பைக்குள் திறந்துகொண்டு மாத்திரை கொட்டுகிறதென்று, டக்கென்று ஒட்டிக்கொள்ளும் காந்த மூடியாகப் பார்த்து வாங்கினாள். நாலு மாதம் ஆகிறது. வெளியே போனால் சட்டைப் பையை விட்டு எடுக்கக் கூடாது என்று சத்தியம்கூட வாங்கியிருந்தாள்.

மேஜை மேல் பேட்டரி இருந்தது. அப்பா செய்கிற மாதிரியே சிவப்பையும் கறுப்பையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி லேசாக உறுமி அமைதியானது. டப்பாவின் காந்த மூடியை உள்ளே இருந்த திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனாள். தண்டு விருட்டென்று வெளியே நீண்டது. டப்பாவை எடுத்தாள், தண்டு திரும்பி வந்து அடங்கியது. இன்னொரு தடவை செய்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஐயோ அப்பா! இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் டப்பாவைக் கரையிலேயே கொடுத்துவிட்டுப் போனீர்களா?

அந்த மனுஷருக்கும் இது தெரிந்திருக்கிறது. ‘உன் டப்பாதானம்மா காரணம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடத்திலேயே தப்பித்திருப்பார். சொல்லாமல் பழியைச் சுமந்துகொண்டு கேட்டருகே நிற்கிறார். ஐவி ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஃபாதர் வந்து செபம் முடிந்திருந்தது. பெட்டியைத் தூக்க மூன்று பேர் தயாராக நின்றார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போன டேவிஸைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அங்கிள்!” என்று கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். சீனிவாசன் கூசிக்கூசி வந்தார். அவள் கையில் டப்பாவையும் நோட்டையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

“ஐவி, அதெல்லாம் நீ ஏன்மா...”

“முந்தாநாள் படகு எப்படிப் போச்சு அங்கிள்?”

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நேரா போச்சும்மா. நூல் பிடிச்ச மாதிரி, அக்கரை வரைக்கும். பிரகாசம் ஜெயிச்சுட்டான்னு நான் கரையில நின்னு கை தட்டிட்டே இருந்தேன்.”

சொல்லிவிட்டு, அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். ஐவி பெட்டியின் தலைமாட்டுக் கைப்பிடியைக் காட்டினாள்.