பெட்ஷீட்டில் ஒட்டிய மலை

என் மனைவி சலவைக்கடை நடத்துகிறாள். நான் டிப்பர் லாரி ஓட்டுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு மலை இருந்தது. இரண்டு வருடமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, ரோடு போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாளைக்குப் பதினோரு நடை. தலையும் தோளும் போய், மலை இப்போது இடுப்பளவுதான் நிற்கிறது.

கடை ஓடுவது ஆஸ்பத்திரி பெட்ஷீட்டால். அது போய்விட்டால் மிஞ்சுவது பக்கத்து வீட்டு வாத்தியார் சட்டை இரண்டும் எங்கள் தலையணை உறையும்தான்.

ஒரு சனிக்கிழமை ஹெட் நர்ஸ் ஸ்கூட்டரில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"இதைப் பாருங்க. இது வெள்ளையா? டீயில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. ஆபரேஷன் ஆன ஆளை இதுல எப்படிப் படுக்க வைக்கிறது? அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற கடைதான், கோவிச்சுக்காதீங்க."

அவர் போனதும், எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் சொன்னேன்: "சோப்பை மாத்திப் பாரேன்."

அவள் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "சோப்பை மாத்துறதா, புருஷனை மாத்துறதான்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

மறுநாள் ஞாயிறு. லாரி ஓடாது. ஒரே ஒரு பெட்ஷீட்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு கூசுதா?"

"கூசுது."

"இது நீங்க லீவு போட்ட வெள்ளை. முன்னெல்லாம் மலையில மரம் செடி மண்ணைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. காத்து வந்தாலும் அங்கேயே முட்டிக்கிட்டு நிக்கும். இப்ப மண்ணை வாரிக்கிட்டு நேரா என் கொடிக்கு வருது. போதாததுக்கு உங்க லாரிங்க வேற, வாசல் வழியா தூவிக்கிட்டே போகுது."

பதில் சொல்ல முடியாதபோது நான் லாரியைத் துடைக்கப் போய்விடுவேன். அன்றைக்கு லாரி பளபளவென்று இருந்தது.

திங்கட்கிழமை காண்ட்ராக்டரிடம் போனேன். எங்கள் வாசல் வழியாகப் போகாத வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தை மூடி ஒரு கட்டடம் கட்டப்போகிறார்களாம். மலையின் அந்தப் பக்கத்திலிருந்தே தனிப் பாதை. மற்ற நாலு டிரைவர்களையும் பேசிச் சரிக்கட்டி, எல்லா வண்டியையும் அந்தப் பாதைக்கு மாற்றிவிட்டேன்.

"அண்ணே, பொண்டாட்டிக்குப் பயந்து ரூட்டையே மாத்தின டிரைவரை இப்பதான் பாக்குறேன்" என்றான் காண்ட்ராக்டர்.

இரண்டு நாள் பெட்ஷீட் ஓரளவுக்கு வெள்ளையாகக் காய்ந்தது. கேட்காமலே காபி வந்தது. நானும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன். குளியலறையில் மட்டும் நாலைந்து தவளை வந்து உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மோட்டார் இருமியது. குழாயில் செங்கலைக் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. அவள் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் நாலு உறை வளையம் கீழே போயிருந்தது.

"மழை இல்லாத மாசத்துலகூட இப்படி இறங்கினதே இல்லையே! குளத்துல தண்ணி இருந்தாத்தான் இங்க ஊறும். குளத்துல என்ன பண்றாங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன். "மண்ணு கொட்டுறாங்க."

"யாரு?"

"நிறைய பேரு."

"அதுல ஒருத்தரு இப்ப என் எதிர்ல நின்னு வானத்தைப் பாக்குறாரா?"

தலையாட்டினேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "தூசியா இருந்தாக்கூட மறுபடி துவைச்சிருப்பேன்" என்றாள். "எதுல துவைக்கிறது?" அப்போதும் சும்மா விடவில்லை. "குளியலறையில உங்க விருந்தாளிங்க இருக்காங்களே, போய் வீடு போச்சுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அன்றைக்கு நான் வண்டி எடுக்கவில்லை. மற்ற நாலு பேர் எடுத்தார்கள்.

சனிக்கிழமை ஹெட் நர்ஸ் வந்தார். செங்கல் தண்ணீரில் துவைத்த அடுக்கில் மேலே இருந்த பெட்ஷீட்டை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சிஸ்டர், தப்பு இவ மேல இல்ல. என் மேல." மலையில் ஆரம்பித்துக் கிணறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தக் குளம்?" என்றார் அவர்.

"பின்னாடி இருக்குறது. நாலு மாடிக் கட்டடம் வருதாம்."

அவர் முகம் மாறிவிட்டது. "அது எங்க ஆஸ்பத்திரியோட புது வார்டு."

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அப்ப சரிதான் சிஸ்டர். உங்க வார்டுல கட்டில் போடுறதுக்கு முன்னாடியே வார்டு வந்து பெட்ஷீட்ல படுத்துக்கிச்சு."

ஹெட் நர்ஸ் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. "நூத்தியிருபது கட்டில் கூட வருதுன்னு கை தட்டினவ நான். அத்தனை பெட்ஷீட்டைத் துவைக்கத் தண்ணி எங்கேன்னு யாருமே கேக்கல, நானும் கேக்கல" என்றார். இருப்பதிலேயே மோசமான பெட்ஷீட்டைத் தேடி எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மீட்டிங்கில் அதை மேனேஜரின் மேஜை மேல் விரித்துப் போட்டாராம். குளம் பாதி மூடியிருந்தபோது வேலை நின்றது. திரும்ப ஆரம்பிக்குமா என்று யாருக்கும் தெரியாது. மலை நின்ற இடத்தில் மலை வரப்போவதில்லை. கிணறு தெளிகிறவரை பாதிப் பெட்ஷீட்தான் என்று ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டார். மீதிப் பாதி வேறு கடைக்குப் போகிறது. வண்டி நிற்பதால் நான் வீட்டில் பெட்ஷீட் பிழிகிறேன். ஒரு முனை எனக்கு, மறு முனை அவளுக்கு.

நேற்று அப்படிப் பிழிந்துகொண்டிருந்தபோது காண்ட்ராக்டர் போன் பண்ணினான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"அண்ணே, வேற மலை கிடைச்சிருக்கு. இதைவிடப் பெருசு. நாலு வருஷத்துக்கு வேலை. வர்றீங்களா?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது. "கேளுங்க, அந்த மலைக்கு இந்தப் பக்கம் யாரு துணி காயப்போடுறாங்கன்னு."

கேட்டேன்.

"என்னண்ணே, இதெல்லாமா கேப்பாங்க?"

"விசாரிச்சுச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

போனை வைத்துவிட்டான்.

"நல்லா முறுக்குங்க" என்றாள் அவள். "இன்னும் சொட்டுது."