ஏரிப் பக்கமா, மில் பக்கமா

நகரத்துப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் அவர் வேலை. முப்பத்து நான்கு வருடம் அதையே செய்தார். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் நிமிஷம்மா. யாராவது "கேண்டீன் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றால், "போக ரெண்டு, வர ரெண்டு, அங்க நின்னு வாயடிக்க எட்டு" என்று தலை நிமிராமல் சொல்வார். அவர் எழுதிய நேரத்துக்கு ஒரு பேருந்தும் வந்ததில்லை என்பது உண்மைதான். அதற்கு அவர் என்ன செய்வார்? எழுதத்தான் முடியும், ஓட்டவா முடியும்?

ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கூடவே ஒரு கடிதம்: அலுவலகக் குடியிருப்பைத் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் பல் டாக்டர். நகரத்தின் ஒரு கோடியில், பழைய மில்லை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடியில் மனைவியோடு இருந்தான். இளையவள் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பவள். அவளும் அவள் கணவனும் இன்னொரு கோடியில், ஏரிப் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்.

"யார் கூடவும் நான் வந்து இருக்கப் போறதில்ல. பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். "தனியா ஒரு சின்ன ஃப்ளாட். ஒண்ணு இவன் பக்கம், இல்லேன்னா இவ பக்கம். ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்றேன்."

மகன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"ஏரிப் பக்கம்தாம்மா உனக்கு சரி" என்றான் மகன். "காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும். காலைல நடக்கலாம். எங்க பக்கம் என்ன இருக்கு, சிமெண்ட்டும் புழுதியும்."

"என்னண்ணா சொல்ற? மில் பக்கம் மாதிரி வருமா?" என்றாள் மகள். "கீழ இறங்கினா ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, லைப்ரரி, எல்லாம் இருக்கு. எங்க பக்கம் ஒரு ரொட்டி வாங்கணும்னா அரை மணி நேரம் நடக்கணும்."

"அம்மாவுக்கு நடக்கறது நல்லதுதானே?"

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கறதுதான் நல்லது!"

அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. சின்ன வயதில் ஒரு பென்சிலுக்கு மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள். இன்றைக்கு ஒருவருக்காக இன்னொருவர் அம்மாவையே விட்டுக்கொடுக்கிறார்கள். தன் வளர்ப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு இருவருக்கும் இன்னொரு கரண்டி பரிமாறினார்.

வீடு காட்ட ஒரு தரகர் வந்தார். குட்டையான மனிதர்; கையில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து. முதலில் மில் பக்கம் கூட்டிப்போனார். மகனும் வந்தான். மூன்றாவது மாடி, இரண்டு அறை, நல்ல வெளிச்சம். மகன் வீட்டிலிருந்து நடை தூரம் நான்கு நிமிடம்.

மகன் சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "மேல பாத்தா பளபளன்னு இருக்கும்மா. உள்ள பூரா சொத்தை" என்றான்.

"போன வருஷம் கட்டினது சார்" என்றார் தரகர்.

"அதான் சொல்றேன். இப்பல்லாம் யார் ஒழுங்கா கட்டறாங்க? அப்புறம் இந்த லிஃப்ட். மாசத்துல பாதி நாள் ஓடாது."

அவன் சொல்லி வாயை மூடவில்லை, லிஃப்ட் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறாததால் தானே மூடிக்கொண்டு போனது. "இன்னிக்கு என்னவோ ஓடுது" என்றான் மகன்.

இரண்டு நாள் கழித்து ஏரிப் பக்கம். இந்த முறை மகள். இது இரண்டாவது மாடி, கொஞ்சம் பழைய வீடு, சமையலறை பெரியது. மகள் வீடு அடுத்த தெரு.

"ஏரின்னா தண்ணி. தண்ணின்னா கொசு" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள் மகள். "இந்தத் தரையைப் பாரு, வழுக்கி விழுந்தா யார் தூக்கறது? இந்த அலமாரி கதவோட நிறத்தைப் பாத்தாலே எனக்குத் தலைவலி வருது. எல்லாத்தையும் விடு, இங்க வந்து பாரு." சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினாள். "நேர் கீழ பஸ் ஸ்டாப். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். மனுஷங்க இருக்கற இடமா இது?"

அம்மா ஜன்னலருகே போய் நின்றார். ஒரு பேருந்து வந்தது, கதவு திறந்தது, நான்கு பேர் இறங்கினார்கள். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றார்.

"பாத்தியா, இப்பவே உனக்கு மூச்சு முட்டுது" என்றாள் மகள்.

வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டதால் மகள் அங்கிருந்தே கிளம்பிப் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த தரகர் மாடிப்படியிலேயே நின்றார்.

"அம்மா, நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அடுத்தவன் ஏரியாவைத் திட்டறவங்களைப் பாத்திருக்கேன். சொந்த ஏரியாவை இப்படிக் கழுவிக் கழுவி ஊத்தற குடும்பத்தை இப்பதான் பாக்கறேன்."

அம்மா சிரித்தார். "அது வேற ஒண்ணுமில்லீங்க. அண்ணன் தங்கச்சிக்கும் தங்கச்சி அண்ணனுக்கும் விட்டுக்கொடுக்கறாங்க."

தரகர் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுத் தரகருக்கு வாய்தானே மூலதனம். "இருக்கலாம்மா. ஆனா மூணு மாசம் முன்னாடி உங்க பையன் அவரோட சிநேகிதருக்கு, அன்னிக்கு நாம பாத்த அதே மில் பக்கத்துக் கட்டடத்துல வீடு பிடிச்சுக் கொடுத்தார். என் மூலமாத்தான். அப்ப சொர்க்கம்னார். உங்க பொண்ணு மட்டும் என்ன, இந்தத் தெருவுக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து விட்டிருக்காங்க தெரியுமா? ஒரு தடவை கூட அவங்க வாயில கொசு வந்ததில்ல."

அம்மா அவரிடம் விடைபெற்றுக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தார். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கணக்கு அவருக்குப் புதிதா என்ன? மகன் பக்கம் போனால் மகள் வீட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். மகள் பக்கம் போனால் மகன் வீட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு பிள்ளைகளும் தன்னை அந்த ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் இறக்கிவிடத்தான் பார்க்கிறார்கள். பாதி வழிக்கு மேல், கூப்பிடாமலே இன்னொரு ஞாபகமும் வந்தது. இருபத்தெட்டு வருடம் முன்பு அவருடைய அம்மா, குடியிருப்புக்கு எதிரிலேயே ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடட்டுமா என்று கேட்டார். "எதிர்ல சொந்தக்காரங்க குடியிருக்கக் கூடாதுன்னு ஆபீஸ் ரூல் இருக்கும்மா" என்று இவர் சொன்னார். அப்படி ஒரு விதி எந்த அலுவலகத்திலும் கிடையாது. அவருடைய அம்மா இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார்.

மறுநாள் காலை மகனுக்கு ஃபோன் செய்தார். "ஏரிப் பக்கம்னு முடிவு பண்ணிட்டேம்பா."

"அப்பாடா! ரொம்ப நல்லதும்மா" என்றான் மகன். ஃபோனை வைக்கப் போனவன் மறுபடி பேசினான். "ஏம்மா, எங்க பக்கம் என்ன குறை?"

"நீதானே உள்ள பூரா சொத்தைன்னு சொன்னே?"

"நான் ஆயிரம் சொல்வேன். நீ வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பே. அவதான் எப்பவும் உனக்கு உசத்தி."

அடுத்தது மகள். அவளிடம் மில் பக்கம் என்றார். மகளும் முதலில், "ரொம்ப சரியான முடிவும்மா!" என்றாள். அடுத்த வாக்கியத்திலேயே குரல் கம்மிவிட்டது. "எனக்குத் தெரியும். அண்ணன்னா உனக்கு உசுரு. நான் பொண்ணுதானே."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் வாழ்த்துவதற்காகக் கூப்பிட்டுப் பேசியபோது குட்டு உடைந்தது. அன்று மாலை ஆறேகாலுக்கு இருவரும் குடியிருப்பு வாசலில் சேர்ந்து நின்றார்கள்.

"எந்தப் பக்கம்மா? ஒண்ணு சொல்லு" என்றான் மகன்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல வந்தா என்ன ஆகிடும்? உங்க வீட்டுல வந்து உக்காந்துடுவேன்னு பயமா?"

மகன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நீ வர்றதுல ஒண்ணுமில்லம்மா. நீ டைம் பாக்கறே."

"என்ன பாக்கறேன்?"

"போன தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப, என் பொண்டாட்டி குளிச்சுட்டு வெளிய வந்ததும் இருபத்தாறு நிமிஷம்னு சொன்னே. அதுலேர்ந்து நீ வர்றேன்னாலே அவ குளிக்க யோசிக்கறா."

"எங்க வீட்ல மட்டும் என்ன?" என்றாள் மகள். "அவர் ஒரு முட்டையை வேகவைக்கறதுக்குள்ள மூணு தடவை நேரம் சொன்னே. அவர் பாவம், வெந்தும் வேகாததுமா இறக்கிட்டார்."

"நான் யாரையாவது திட்டினேனா? நேரம்தானே சொன்னேன்?"

"அதாம்மா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"மதியமே கையெழுத்துப் போட்டாச்சு. ஏரிப் பக்கம்."

மகள் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த பஸ் ஸ்டாப் வீடா?"

"நீ அந்த ஜன்னலைத் திறந்து காட்டலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் போட்ட நேரத்துக்கு பஸ்காரன் வர்றானா இல்லியான்னு இனிமே தினம் உக்காந்து பாக்கலாம். அப்புறம் ஒரு விஷயம். என் வீட்டுக்கு வர்றதா இருந்தா முன்னாடியே ஃபோன் பண்ணிட்டு வாங்க. சும்மா வந்து நிக்கக் கூடாது."

மகளும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா எந்தப் பக்கம் வந்தாலும் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஃபோனிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்ததே அந்த ஒரு விஷயம்தான்.

குடி வந்து ஆறு மாதத்தில் நடந்ததைக் கேட்டால் தரகரே நம்பமாட்டார். அம்மா மகள் வீட்டுக்குப் போனது மொத்தம் மூன்று தடவை. மூன்றும் அழைத்ததால். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். மகளோ முதல் வாரமே தன் வீட்டு மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளுக்கு வரும் பார்சல்களெல்லாம் அம்மா வீட்டு முகவரிக்கு வந்தன. "குழாய் ரிப்பேர் ஆள் வருவார்மா, நீ கொஞ்சம் போய் நில்லு" என்பாள். துணி மாதிரிகள், டைல்ஸ் மாதிரிகள் எல்லாம் அம்மாவின் ஹாலில் குவிந்தன. மகன் வியாழக்கிழமை தோறும் ஐம்பத்தைந்து நிமிடம் பயணம் செய்து வந்து, தங்கச்சிக்கு மட்டும் அம்மா சமைத்துப் போடுவதாகக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டுப் போனான். ஒருவரும் ஃபோன் செய்துவிட்டு வரவில்லை.

அம்மாவுக்கோ நேரமே போதவில்லை. அதே மாடியில் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் இருந்தார்; கீழே தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளும் இருந்தார். சனிக்கிழமை மதியம் மூவரும் சீட்டாடினார்கள். எவ்வளவு நேரம் ஆடினோம் என்று யாரும் கேட்பதில்லை, அம்மாவும் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை, கையில் நல்ல சீட்டு விழுந்திருந்த நேரத்தில், அழைப்பு மணி அடித்தது. அம்மா மெல்ல எழுந்து போய்க் கதவுத் துளை வழியாகப் பார்த்தார். மகள். இரண்டு கையிலும் பெரிய அட்டைப் பெட்டிகள்.

அவர் உதட்டில் விரல் வைத்துத் திரும்பினார். நர்ஸம்மா சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். தையல்கார அம்மாள் இருமலை அடக்கினார். மணி மறுபடி அடித்தது. பிறகு மேசைமேல் இருந்த கைபேசி அலறியது. அம்மா பாய்ந்து போய் எடுத்தார்.

"எங்கம்மா இருக்க?" என்றாள் மகள்.

"வெளியில இருக்கேன்" என்றார் அம்மா, ரகசியக் குரலில்.

"உள்ள உன் ஃபோன் அடிச்ச சத்தம் கேட்டுதே?"

"அதுவா? ஃபோனை வீட்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டேம்மா."

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெட்டிகள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. மகள் வெளியே சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிம்மா" என்றாள் மகள். "நீ மெதுவாவே வா."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அம்மா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய ஆட்டம் என்று கேட்டார்.