வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை ஒரு தாழ்ப்பாளிலிருந்து வந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வீடு பார்க்கப் போயிருந்தோம். வயல்களுக்கு நடுவே மனை பிரித்து, தெருப் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, அதற்குமேல் ஒன்றும் நடக்காமல் அமைதியாகிவிட்ட ஒரு சிற்றூர்க் குடியிருப்பு. பார்த்த வீட்டில் ஒரு படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்ளே இல்லை. நாங்கள் வாங்கவில்லை. தண்ணீர் சரியில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டோம். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

நான் விட்டுவிட்டு வந்த அந்த வீட்டை வேறொருத்திக்கு விற்றுப் பார்க்கிறேன். அவ்வளவுதான் கதை.

2

தொடக்கம்: "அந்த ஊரில் காக்கைகூடக் குரலைத் தாழ்த்தித்தான்"

(விட்டுவிட்டேன். ஊரைப் பற்றி ஆரம்பித்தால் அழகாக எழுதத் தோன்றும். அழகாக எழுதினால் நீங்கள் அந்த ஊரை நம்பிவிடுவீர்கள்.)

இன்னொரு தொடக்கம்: "வீட்டைப் பார்த்ததுமே அவள் மனதில் ஏதோ"

(இதையும் விட்டேன். 'ஏதோ' என்று எழுதினால் எழுதுகிறவருக்கே தெரியவில்லை என்று பொருள்.)

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது: மருந்துக்கடைக்காரி எந்தப் பெட்டியையும் திருப்பிப் பார்க்காமல் கையில் வாங்க மாட்டாள்.

காலாவதித் தேதி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பிஸ்கட்டானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி. "என்னையே மூணு தடவ திருப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வான். அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆக, சந்தேகம் அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் தொழில்.

மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது மட்டும் அவருக்கு மறந்துபோய்விட்டது. நகரத்தில் இவர்கள் குடியிருந்தது பெரிய சாலையை ஒட்டி. கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், இறங்கிப் போய் ஓரமாக நிற்கிற ஏதாவது வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ஒரு தண்ணீர் லாரியில் சாவியும் இருந்தது. அடுத்த நிறுத்தம்வரை ஓட்டிப்போய், ஒழுங்காக ஓரம் கட்டி, ஆள் ஏறட்டும் என்று காத்திருந்தார். தெருவே சிரித்தது. மருந்துக்கடைக்காரி சிரிக்கவில்லை. நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், லாரியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விலகக்கூட நேரமில்லை, லாரி அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றிருந்தது.

அதனால்தான் வண்டியே நிற்காத ஒரு தெருவில் வீடு தேடினார்கள். அப்பாவுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அப்பாவால் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அவள் கேட்டது இதைத்தான்.

3

வீட்டின் வெளிக்கதவைத் தள்ளியபோது அது கத்திய கத்தலில் கணவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"ரொம்ப நாளா ஆள் புழக்கம் இல்லல்ல சார், அதான்" என்றார் தரகர்.

சமையலறைக் கதவும் அழுதது. அலமாரியைத் திறந்தால் கீல் முனகியது. சன்னல் கொக்கி துருப்பிடித்து அசையவே இல்லை.

"ஏங்க, சன்னலுக்குக் கம்பி உறுதியா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"யானை இழுத்தாலும் வராது மேடம்."

"குளியலறை இந்த ரூமுக்கு உள்ளேயே தானே?"

"உள்ளேயேதான். வெளிய வரவே வேண்டாம்."

பிறகு அந்த அறையின் கதவைச் சாத்திப் பார்த்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். விரல் பட்டதும் நகர்ந்து குழியில் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. வீடு முழுக்கத் துரு. இந்த ஒரு இரும்பு மட்டும் எண்ணெய் குடித்திருந்தது.

திறந்து உட்பக்கம் பார்த்தாள். முன்பு அங்கேயும் ஒரு தாழ்ப்பாள் இருந்து, கழற்றி, திருகாணித் துளைகளைப் பூசி அடைத்திருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை படுகிற உயரத்தில், சாயம் தேய்ந்து மரம் தெரிந்தது.*

* இந்தத் தேய்ந்த சாயம் நான் சேர்த்தது. நான் பார்த்த வீட்டில் கதவின் உட்பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் வெளியே வந்தேன்.

4

"இது எதுக்கு வெளிய தாழ்ப்பாள்?" கணவன்தான் கேட்டான்.

"பழைய சாமான் போட்டு வெச்சிருந்தாங்க சார்" என்றார் தரகர், கேள்வி முடிவதற்குள்.

"பழைய சாமானுக்கு எதுக்குங்க குளியலறை?"

தரகர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை.

வெளியே எதிர்வீட்டு விவசாயி தன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமும் கணவன் அதையே கேட்டான்.

"நாய் வளத்தாங்க" என்றார் அவர். "பெரிய நாய்."

"குலைக்குமா?"

"சேச்சே. சத்தமே வராது."

டிராக்டரில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இங்க யாரும் சாவிய எடுக்க மாட்டோம் தம்பி. அவ்ளோ நல்ல ஊரு."

கணவனும் சிரித்தான். அவள் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவன் சொன்னான்: "தரகர் சாமான்கிறார். அந்தாளு நாய்ங்கிறார். ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன். இந்த வீடு நமக்கு வேண்டாம்மா."

"வாங்கிடலாங்க" என்றாள் அவள்.

"அந்த ரூம்ல யாரு இருந்தாங்கன்னு தெரியாமயா?"

"யாரோ இருந்தாங்க. இப்ப இல்ல."

5

இந்த இடத்தில் எனக்குக் கதை நகரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை விற்கிற வீட்டுக்காரம்மா வேறொரு ஊரில் இருக்கிறார். மருந்துக்கடைக்காரி அவரிடம் போய் நேராகக் கேட்கட்டும் என்று ஒரு காட்சி எழுதினேன். அவள் போனாள், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினாள், வந்துவிட்டாள். திருப்பி எழுதினேன். இந்த முறை கூரை ஒழுகுமா என்று கேட்டாள். பிஸ்கட்டைத் திருப்பிப் பார்க்கிறவள் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறாள். பாத்திரம் சரியாக அமையவில்லை என்று அவளையே கோடு போட்டு அடித்துவிடப் பார்த்தேன்.

பிறகு மூன்றாம் பகுதியை மறுபடி படித்தேன். நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பி உறுதியா என்று கேட்கிறாள். குளியலறை உள்ளேயேதானே என்கிறாள். வீடு வாங்குகிற எவரும் கேட்பதுதானே என்றுதான் எழுதினேன். அதுவரை தரகரைச் சந்தேகப்பட்டேன், எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன், ஊரையே சந்தேகப்பட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை.

(கணவன் பார்த்திருப்பானா? எழுத்துப் பிழை கண்டுபிடிக்கிறவன். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பிழை கண்ணில் படுவது வேறு.)

6

பத்திரம் பதிந்தாயிற்று. சாவி கொடுக்கிற அன்று வீட்டுக்காரம்மாவே வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற, தனியாளாக வாழ்கிற அம்மா. அப்பாவையும் அழைத்து வந்திருந்தார்கள்.

அப்பா மருமகனைப் பார்த்து, "கண்டக்டரே, எல்லாரும் ஏறியாச்சா?" என்றார்.

"ஏறியாச்சு டிரைவரே. உங்களுக்குத்தான் வெயிட்டிங்."

"சில்லற வெச்சிருக்கியா? நேத்து மாதிரி சண்ட போடாத."

வீட்டுக்காரம்மா அப்பாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருந்துக்கடைக்காரியைச் சமையலறைக்கு அழைத்துப்போனார். மோட்டார் சுவிட்சைக் காட்டினார், குழாயைத் திருகிக் காட்டினார். கடைசியில் மேல்தட்டிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இத நான் எடுத்துட்டுப் போகல. அப்பப்ப ஒரு சொட்டு விடும்மா. சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்கு மனசு ஒடையும். கேக்கலன்னா கதவு தானா மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுப்பாங்க."

'அவங்க' யாரென்று இப்போதாவது கேட்பாள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இது தீந்துட்டா இங்க எந்தக் கடையில கெடைக்கும்மா?" என்று கேட்டாள்.

அந்த அறையில் இருந்தது யார் என்பது ஆகவே உங்களுக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மா வாசலைத் தாண்டும்போது வெளிக்கதவு கத்தியது. அதற்கு அவர் எண்ணெய் போட்டதே இல்லை.

7

முடிவு வேண்டுமே. இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறாள். அப்பா தெருவில் நடக்கிறார், ஆளில்லாத தெரு, நிழல், மெல்லத் திரும்பி வருகிறார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் எதிர்வீட்டு டிராக்டரை நான்காம் பகுதியில் நானே நிறுத்திவைத்திருக்கிறேன், சாவியோடு. அங்கேயும் புத்தகத்தோடு யாராவது நடந்து வருவார்கள்.

இரண்டாவது முடிவு: "அவள் தாழிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். உள்ளே, சாயம் தேய்ந்த இடத்தில், இன்னொரு உள்ளங்கை"

(இதற்குமேல் கை ஓடவில்லை.)

ஆகவே எனக்குத் தெரிந்ததுவரை சொல்கிறேன். பிற்பகல். கணவன் நகரத்துக்கு அச்சகத்துக்குப் போயிருக்கிறான். இந்த ஊர் மருந்துக்கடையில் அவளுக்கு இன்று முதல் நாள், கிளம்ப வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பெண் நாளையிலிருந்துதான் வருவாளாம். அந்த அறையில் அப்பா கட்டில் விளிம்பில், செருப்பு மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் வட்டமாகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவள் வாசற்படியில் நிற்கிறாள்.

"பாப்பா" என்கிறார். (முதலில் 'கண்டக்டரே' என்றுதான் எழுதினேன். அவர் அப்படிக் கூப்பிடவில்லை.) "கதவச் சாத்திட்டியா?"

"எதுக்குப்பா?"

"கதவு தொறந்திருந்தா வண்டிய எடுக்கக் கூடாதும்மா. யாராச்சும் விழுந்துடுவாங்கல்ல."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சாத்திடறேன்ப்பா."

"ம். சாத்திட்டு ரைட் சொல்லு."

கதவைச் சாத்தினாள். "ரைட்ப்பா" என்றாள். அவள் விரல் தாழ்ப்பாளுக்குப் போனது வரைக்கும் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கதவுக்கும் எனக்கும் நடுவே அவள் முதுகு.

போட்டாளா, போடவில்லையா? சத்தம் கேட்டால் எழுதிவிடலாம் என்றுதான் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். என்னைவிட நீங்கள் கிட்டத்தில் நிற்கிறீர்கள். கதவைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.