மந்திரித்த போன்

"நான் வாங்கறப்போ போன் நல்லாத்தானே இருந்துச்சு அங்கிள்? அதை மட்டும் ஃபாதர்கிட்ட வந்து சொல்லுங்க. போதும்."

ஓஸ்வால்டின் காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் நின்றபடியே ஜோவிதா கேட்டாள். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஏஜென்சி கூப்பிடும்போது போனை எடுத்தால்தான் வேலை. அதற்காகத்தான் கொஞ்ச நாளைக்கு முன்பு அவருடைய பழைய போனை விலைக்கு வாங்கியிருந்தாள்.

"நடுவுல ஃபாதர் எங்கம்மா வந்தாரு?"

"ஸ்கூட்டியை மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். 'அப்படியே இதுக்கும் ஃபாதர்'னு போனை நீட்டிட்டேன். அவர் கைதான் தாராளமாச்சே. தீர்த்தத்துல குளிப்பாட்டிட்டாரு. அந்த வாரமே போன் செத்துப்போச்சு."

ஓஸ்வால்டுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"கடைக்காரர் திறந்து பார்த்துட்டு, உள்ளே தண்ணி போயிருக்குன்னார். ஏஜென்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு வேற ஆளைப் போட்டுட்டாங்க அங்கிள். கோவத்துல ஃபாதரை எல்லார் முன்னாடியும் கன்னாபின்னான்னு பேசிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஓஸ்வால்ட் வந்து, போன் நல்லா இருந்துச்சுன்னு சொல்லட்டும். என் கைக்காசுல வேற வாங்கித் தரேன்'னார்."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வரேன்மா."

அவள் போன பிறகு மௌரீன் சமையலறையிலிருந்து வந்து கணவரின் எதிரில் நின்றாள்.

"என்னன்னு சொல்லப்போறீங்க?"

"இருந்ததைத்தான்."

"எதை? மழையில சட்டைப்பையோட நனைஞ்சு, அரிசி டப்பாவுல புதைச்சு வெச்சோமே, அதையா?"

"கடையில குடுத்துச் சரி பண்ணியாச்சே! அப்புறம் நல்லா ஓடலையா?"

"அவ கேட்டாளே. இதே வாசல்ல நின்னு, 'தண்ணி கிண்ணி பட்டுச்சா அங்கிள்'னு கேட்டா. நீங்க சேச்சேன்னீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

ஓஸ்வால்ட் மாடிக்குப் போனார். அங்கே வக்கீல் சரளா குடியிருந்தாள். போன் விற்றதையும், மந்திரித்த பிறகு அது கெட்டுப்போனதையும் சொன்னார்.

"நான் கடைக்காரன் இல்லையே சரளா. அவளும் பார்த்துத்தான் வாங்கினா. அப்புறம் கெட்டுப்போனா நானா பொறுப்பு?"

"உங்களுக்கே தெரியாத கோளாறுன்னா, கேரண்டின்னு எதுவும் சொல்லாம வித்திருந்தா, பொதுவா வாங்கினவங்க பாடுதான் அண்ணா. ஏதாவது கேட்டாங்களா?"

"தண்ணி பட்டுச்சான்னு கேட்டா."

"பட்டுச்சா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"தெரிஞ்சே இல்லன்னு சொல்லியிருந்தா அது வேற கதை. உங்க வார்த்தையை நம்பி வாங்கினவங்க, போனைத் திருப்பிக் குடுத்துட்டுப் பணத்தைக் கேட்கலாம்."

"எந்தத் தண்ணியால போச்சுன்னு யாரால சொல்ல முடியும்? மழையா, தீர்த்தமா?"

"கோர்ட்டுல நிரூபிக்கறது கஷ்டம்தான். அதைத் தெரிஞ்சுக்கவா மாடி ஏறி வந்தீங்க?"

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஃபாதர் காத்திருந்தார். தலை முழுக்க நரைத்தவர். கையில் பணம் வைத்த ஓர் உறை இருந்தது. பக்கத்தில் ஜோவிதா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"சொல்லுங்க ஓஸ்வால்ட். நல்லா இருந்த போனை நான்தான் கெடுத்தேன், இல்லையா? மந்திரிக்கறப்போ எனக்குக் கை கொஞ்சம் ஜாஸ்திதான்."

"உங்க தீர்த்தத்துக்கு முன்னாடியே அதுல மழைத் தண்ணி போயிருச்சு ஃபாதர். இவ கேட்டா. நான் பொய் சொல்லி வித்தேன்."

ஃபாதர் உறையை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன் பணத்தைக் கொண்டுவந்திருக்கேன்மா," என்றார் ஓஸ்வால்ட்.

"சரி அங்கிள். போன வேலைக்கு என்ன பண்றது?"

"ஏஜென்சிக்கு நானே வந்து பேசறேன்."

"பேசுங்க. அவங்க கேட்பாங்களோ என்னவோ." ஜோவிதா ஃபாதர் பக்கம் திரும்பினாள். "ஃபாதர், அன்னிக்கு உங்களை…"

"பரவாயில்லம்மா, விடு."

"இல்ல ஃபாதர். எல்லார் முன்னாடியும் பேசினேன். எல்லார் முன்னாடியும்தான் மன்னிப்புக் கேட்கணும்."

அடுத்த பூசைக்கு ஜனம் வரத் தொடங்கியிருந்தது. ஓஸ்வால்ட் மெதுவாக வெளிக் கேட்டைப் பார்த்து நகர்ந்தார்.

"எங்கே போறீங்க அங்கிள்? நான் ஏன் அவரைத் திட்டினேன்னு சொல்ல வேணாமா? நீங்களும் நில்லுங்க."

ஓஸ்வால்ட் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.