பச்சை மூடி

பதினோரு மணிக்கு முதலாளி கை கழுவினார். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருந்த எட்டுப் பேருக்கும் அந்தக் குழாய்ச் சத்தம்தான் கடிகாரம். வெள்ளைச் சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு, அடுப்பு வரிசையின் தலைமாட்டில் வந்து நின்றார். காய் நறுக்குகிறவள் உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சமையல்காரம்மா ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்க, அவர் கண்ணை மூடி ஆவியை மூக்கால் இழுத்து, ஒரு பிடி உப்பை அள்ளி மேலிருந்து சுழற்றிப் போட்டார்.

"கை உப்புன்னா இது. அளந்து போடறதுக்கு நாம என்ன மருந்துக்கடையா வெச்சிருக்கோம்?"

பத்து வருஷமாக இதே வாசகம்தான். ஆஸ்பத்திரிச் சமையலைக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் அவரும் ஒரு காலத்தில் கரண்டி பிடித்தவர். அந்தக் கைக்கு அப்போது ஒரு மணம் இருந்தது என்பதைச் சமையல்காரம்மா யாரிடமும் மறுத்ததில்லை. இப்போது நாக்கு செத்துவிட்டது, கை மட்டும் மிச்சம். பருப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. பாத்திரம் பெரியதோ சிறியதோ, ஒரு பிடி விழும். அதனால் அவள் எல்லாவற்றிலும் அந்த ஒரு பிடியைக் குறைத்தே சமைத்து வைப்பாள். அவர் வராத நாளில் அந்தப் பிடியைத் தானே போட்டுக்கொள்வாள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் சோறு ஒரே ருசியாகத்தான் மாடிக்குப் போகும். யாராவது நன்றாக இருந்தது என்று சொல்லியனுப்பினால் முதலாளி அடுப்பு வரிசையைப் பார்த்து, "என் கை விழலேன்னா இதெல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தான்" என்பார்.

காய் நறுக்குகிறவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அவர் போன பிறகு திறக்கும்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டுப் பால் குடிக்கும். இவரு கண்ணை மூடிக்கிட்டு உப்புப் போடறாரு. நீயும் விடாம மூடி தூக்குறியே அக்கா."

"போனாப் போகுதுடி. ஒரு பிடி உப்புதானே."

வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பாத்திரம் இருக்கும். அதன் மூடிக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. மூன்றாம் மாடியில் கிட்னி கெட்டுப்போய்ப் படுத்திருக்கும் ஆறு பேருக்கான சாப்பாடு அது. ஒரு கல் உப்புக்கூடச் சேரக் கூடாது. பதினோரு மணிக்கு அந்த இடம் வரும்போது சமையல்காரம்மா பாத்திரத்துக்கும் முதலாளிக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். "இது மூணாம் மாடிங்க ஐயா" என்பாள். "தெரியும், தெரியும்" என்று அவர் நீட்டிய கையை இழுத்துக்கொள்வார். தினமும் தெரியும் என்பார். தினமும் கை நீளும்.

உப்பில்லாத சோறு அந்த ஆறு பேருக்கும் தொண்டையில் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பச்சை மூடிப் பாத்திரத்தில் பிழிந்துவிடுவாள். பிழியும்போது உதடு அசையும். கடவுளே, அந்தப் பிள்ளைகள் ரெண்டு வாய் சாப்பிடட்டும் என்பதுதான் அது. அந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு அவளைவிட வயது அதிகம்.

மூன்றாம் மாடி ஜன்னலோரக் கட்டிலில் முடிவெட்டுகிற பெரியவர் ஒருவர் நான்கு மாதமாகப் படுத்திருந்தார். சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவரிடம் அவர் ஒருநாள் சொல்லியனுப்பினார்: "சப்புன்னு கிடந்த வாய்க்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ருசி குடுத்திருக்கு அந்தம்மா. அவங்க வீட்டுக்காரருக்கு என் கையால ஒரு சவரம் பாக்கியிருக்குன்னு சொல்லு." அன்றிலிருந்து வண்டிக்காரர் கீழே வரும்போதெல்லாம், "உன் வீட்டுக்காரருக்குத் தாடி எவ்வளவு வளந்திருக்குன்னு மேல கேக்கறாங்கம்மா" என்பார்.

ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரி அதிகாரி சமையல்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். காலையிலிருந்தே முதலாளி நிலைகொள்ளாமல் நடந்தார். துடைத்த தரையை மறுபடி துடைக்கச் சொன்னார். பத்தே முக்காலுக்கு வாசலில் கேஸ் லாரி வந்து நின்றது.

"இந்தாம்மா, நீ போய் சிலிண்டரை எண்ணி இறக்கு. இவங்களை நம்பினா ஒண்ணு குறையும்."

"ஐயா, பதினோரு மணி ஆகப்போகுது. நான் இங்க நின்னா..."

"நீ நின்னாத்தான் அடுப்பு எரியுமா? போம்மா."

அவள் போனாள். பின்பக்கக் கதவுத் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ள, லாரிக்காரன் அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் சமையல்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணி முடித்து அரை ஓட்டமாக உள்ளே வந்தபோது மணி பதினொன்று இருபது. அதிகாரி வரும்முன் கூடம் காலியாக இருக்க வேண்டும் என்று முதலாளி வண்டியைச் சீக்கிரமே மாடிக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

பச்சை மூடி மேடைமேல் மல்லாந்து கிடந்தது. காலிப் பாத்திரத்தின் விளிம்பில், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, நாலைந்து உப்புக் கல் கரையாமல் இருந்தது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"வாளியைப் பிடிச்சிட்டு நின்னது நீதானேடி. சொல்லலியா?"

வாயாடி கத்தியையும் காயையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாய் வரலக்கா."

வேலையாட்களுக்கு லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியையும் சமையல்காரம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். மேலே ஐந்து தட்டுகளில் கை வைத்திருக்கவில்லை, அல்லது ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் வைத்தாள். ஜன்னலோரக் கட்டிலில் பெரியவர் தட்டை முடித்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, உப்பு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாம என்னம்மா. முதல் வாயிலயே தெரிஞ்சுது." அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். "நாலு மாசம் ஆச்சு. யாராவது வந்து பிடுங்கிடுவாங்கன்னுதான் வேகமா சாப்பிட்டேன்."

அவள் நர்ஸிடம் போய்ச் சொன்னாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் பெரியவருக்குக் கால் இரண்டும் வீங்கி மூச்சு முட்டியது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய், கதவு மூடிய அறையில் வைத்தார்கள்.

சமையல்கூடத்தைப் பார்க்க வந்த அதிகாரி அதை விசாரிக்க உட்கார்ந்தார். மெலிந்த மனுஷர். எதையும் கோபமாகக் கேட்கவில்லை. "சமைக்கிறது யாரு?" என்றார்.

"இந்தம்மாதாங்க. பத்து வருஷமா இவங்கதான். நான் மேற்பார்வை மட்டும்" என்றார் முதலாளி. அதில் பொய் இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை. சமையல்காரம்மா அவர் கையைப் பார்த்தாள். சட்டை மடிப்பு இன்னும் பிரிக்கப்படாமல் முழங்கைக்கு மேலேயே இருந்தது.

தவறு என்னுடையது, இனி நடக்காது என்று சமையல்காரம்மா ஒரு தாள் எழுதித் தர வேண்டும். மறுநாள் காலைக்குள் தந்தால் விஷயம் அதோடு முடியும், இல்லாவிட்டால் சமையல் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போகும் என்று அதிகாரி சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் அவள் புருஷன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வீட்டோடு சரி. அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார்.

"மகளிர் விடுதியில சமைக்கக் கூப்பிட்டாங்களே, என்ன சொன்னே?"

"நாளைக்குச் சொல்றேன்னேன்."

"எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேப்பே. ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கொள்ளி உன் தலையிலயே சொருகுது. போயிடு."

அவள் எலுமிச்சம்பழக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நீங்க விழுந்த அன்னிக்கு முதலாளி தன் கார்லதானே தூக்கிப் போட்டுக் கொண்டுபோனாரு. சீட்டெல்லாம் ரத்தம். அதைத் துடைக்கப் போன என்னைத் துடைக்க விடல. இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல."

"அதுக்குக் கைம்மாறா அடுத்தவன் பண்ணின தப்பை உன் பேர்ல எழுதிக் குடுப்பியா?"

"அவரு கெட்டவரா இருந்தா இன்னேரம் விட்டுட்டு வந்திருப்பேங்க. அதான் தொல்லை."

"அவரு கைக்கு ருசி போட்டதே நீதான். ஒரு பிடி குறைச்சுக் குறைச்சு வெச்சே. அந்த மனுஷன் எப்படித் திருந்துவான்? ஒருநாள் சரியா உப்புப் போட்டு வை. மேல அவரு பிடியும் விழட்டும். ஆஸ்பத்திரியே காறித் துப்பட்டும்."

"துப்பறது நோயாளிங்க. அவருக்குச் சாப்பாடு வீட்டுலேருந்து வருது."

அவர் தாடியைச் சொறிந்துகொண்டார். "அந்தச் சவரக்காரருக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

"தெரியல. கதவை மூடி வெச்சிருக்காங்க."

படுக்கும்முன் அவள் வழக்கம்போல் வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடி நின்றாள். வழக்கமாகக் கேட்கிறதை மனசு கேட்கவில்லை. பதினோரு மணிக்கு அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதிலேயே போய்ப் போய் நின்றது.

காலையில் அவள் வேலைக்குப் போகாமல் முதலில் மூன்றாம் மாடிக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டில் காலியாக, விரிப்பு உருவப்பட்டுக் கிடந்தது. அவள் கட்டில் கம்பியைப் பற்றினாள். நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"இருக்காரும்மா, இருக்காரு. ராத்திரி மெஷின் வெச்சு உடம்புத் தண்ணியை எடுத்தோம். இன்னும் மூணு நாளாவது உள்ளதான் இருக்கணும். பேச்சு வந்ததும் முதல்ல உங்களைத்தான் கேட்டாரு. சமையல்காரம்மா மேல தப்பில்ல, நான் தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்னு எழுதிக்கோன்னு என்னை உயிரை எடுத்துட்டாரு."

"எழுதினீங்களா?"

"அதெல்லாம் எழுதற இடம் இல்லம்மா கேஸ் சீட்டுல."

கீழே முதலாளி மேசைமேல் தாளை எழுதித் தயாராக வைத்திருந்தார். பேனா மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார். ராத்திரி தூங்காத கண்கள்.

"எட்டுக் குடும்பம்மா. என்னை விடு. வாயாடிக்கு அம்மா படுக்கையில கிடக்கறா."

"போடறேங்க ஐயா." அவள் பேனாவை எடுத்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். பச்சை மூடியை மட்டும் நீங்க தொடக் கூடாது."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். வலிக்கும்படி யாரோ எதையோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"நான் எப்பம்மா தொட்டேன்?"

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார். பாத்திரம் ஐந்தென்றும் ஆறென்றும் அந்தக் கை எண்ணியதில்லை. விளிம்பில் ஒட்டியிருந்த உப்பை அவள் கழுவாமல் வைத்திருந்தாலும் அது வேறு யாரோ போட்டதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். விடுதிக்காரிக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கைக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் நடுவில் காவலுக்கு அவளைத் தவிர வேறெதுவும் இல்லை.

கையெழுத்தைப் போட்டாள். எழுத்துக் கூட்டி எழுதப் பழகியவள். அவளுக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் அடுப்பு வரிசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது. சிவப்பு எழுத்து. பதினோரு மணிக்கு முதலாளி கை கழுவினார். சட்டையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு பலகைக்கு எதிரே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்:

"மூன்றாம் மாடி உணவில் உப்பு சேர்க்கக் கூடாது. தவறினால் சமையல்காரி நீக்கப்படுவார்." அவள் பக்கம் திரும்பினார். குரலில் கண்டிப்பு இல்லை, அக்கறைதான் இருந்தது. "தினமும் ஒருதரம் படிச்சுக்கோம்மா. மறதி யாருக்கும் வர்றதுதான்."

"சரிங்க ஐயா."

வாயாடி வாளியைத் தூக்கினாள். முதல் பாத்திரம், இரண்டாவது, மூன்றாவது. சமையல்காரம்மா இடது கையால் மூடியைத் தூக்கத் தூக்க, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சுழன்று விழுந்தது. ஐந்தாவது முடிந்ததும் வாயாடியின் கால் நின்றுவிட்டது. வாளியோடு திரும்பி, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். இந்தப் பத்து வருஷத்தில் அவள் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

முதலாளி வாளியைக் காணாமல் ஒரு கணம் தடுமாறினார். கையில் பாதிப் பிடி மிச்சம் இருந்தது. வழக்கப்படி ஓர் எட்டு எடுத்து வைத்தார். சமையல்காரம்மா வலது உள்ளங்கையைப் பச்சை மூடியின்மேல் விரித்து அழுத்தினாள். அப்போதுதான் இறக்கிய பாத்திரம். கைத்துணி எங்கே என்று தேட நேரமில்லை.

"இது மூணாம் மாடிங்க ஐயா."

"தெரியும், தெரியும்."

அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டுக்கொண்டு நகர்ந்தார். உதிர்ந்த உப்பு மூடிமேலும், எடுக்காமல் அழுத்தி வைத்திருந்த அவள் புறங்கைமேலும் வெள்ளையாய் விழுந்து படிந்தது.