எதிர்க்கடைக்காரனுக்கு ஒரு தையல்

எதிர்க்கடைக்காரன் உள்ளே நுழைந்ததுமே நிழல் தையற்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தத் தெருவில் நிழல் தைக்கிற கடை இரண்டுதான். ஒன்று அவளுடையது. மற்றதைக் கடை என்று சொல்லவே நாக்கூசும். அங்கே இந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு, சாக்குமூட்டை தைப்பதுபோல மனுஷர்களின் நிழலைத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

போர் வந்ததிலிருந்து இருவருக்கும் ஓய்வில்லை. ஓர் ஆற்றுக்கு யார் பெயரை வைப்பது என்று இரண்டு ராஜாக்களுக்குத் தகராறு. அதற்கு ஊரான் வீட்டுப் பிள்ளைகள் சாக வேண்டும். சாவு முதலில் நிழலைப் பிடித்துத்தான் இழுக்கும். சட்டைக்கு உள்துணி வைப்பதுபோல, பிடரியிலிருந்து பாதம்வரை நிழலை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வான். கையோ காலோ போனாலும் போகும்; தையல் விட்டுப்போன இடமென்றால் கட்டாயம் போகும். ஆனால் தைக்கிற நேரத்தில் தைப்பவருக்கு அவன்மேல் துளி பாசம் இருந்தாலும் நூல் நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும்; முடிச்சு விழுந்துவிட்டால் பிறகு அவிழாது. தாய் தைக்க முடியாது, தாரம் தைக்க முடியாது. அதனால்தான் யாரோடும் ஒட்டாத இந்த இரண்டு ஜென்மங்களுக்கும் ஊரில் அப்படியொரு மவுசு.

அவளுடைய தம்பிக்கே எதிர்க்கடையில்தான் தைக்க வேண்டியதாயிற்று. அவன் போரிலிருந்து இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பினான். "பக்கத்துலயே குண்டு விழுந்துச்சாம். உசுரு தப்பிச்சதே பெருசு" என்றான் எதிர்க்கடைக்காரன். வெட்கங்கெட்டவன், அதற்கப்புறம் தினமும் வந்து, அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே தம்பியைத் தூக்கி வெயிலில் உட்காரவைத்தான்.

"என்ன, வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள்.

"என்னையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க, மகாராணி. லாரி முனையில நிக்குது. என் நிழலை நானே தைச்சுக்க முடியுமா?"

"நீ தைச்சா அது தெருமுனையைத் தாண்டாது. சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பி நில்லு."

விளக்கைத் தள்ளி வைத்து, சுவரில் விழுந்த நிழலை உரித்தெடுத்து அவன் பிடரியில் வைத்து ஒரு தையல் போட்டாள். நூலை இழுத்தாள். உருவிக்கொண்டு வந்தது.

நூலைத் திட்டினாள். ஊசியை மாற்றினாள். மறுபடியும் வழுக்கியது. அவளுக்கு முகம் எரிந்தது. இந்த மூஞ்சிக்கா? எண்ணெய் காணாத இந்தப் பரட்டைத் தலைக்கா? சாக்குமூட்டைத் தையலுக்கா? உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள். என்ன துப்பியும் நூல் நிற்கவில்லை. வெளியே ஹாரன் அலறியது. தைக்காமல் அனுப்பினால் அவன் போன வேகத்தில் பிணம்தான்.

வழுக்கிய நூலை அவனும் பார்த்தான். வழக்கம்போலப் பல்லைக் காட்டவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "உன் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழ நான் ஊசியே போடல. வேணும்னேதான் விட்டேன். வீட்டுல ஒருத்தன் நொண்டினாதான் உன் கொழுப்பு அடங்கும்னு நினைச்சேன்."

மூலையில் ஊசி கோத்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே..." என்று வாயெடுத்தான். எதிர்க்கடைக்காரன் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டான்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஊசியைச் சதையோடு சேர்த்து இறக்கினாள். நூல் நின்றது. பிடரி, முதுகு, இடுப்பு, தொடை என்று தைத்துக்கொண்டே போனாள். அவ்வளவு நெருக்கமாக அவள் யாருக்கும் தைத்ததில்லை. பாதத்தில் முடிச்சுப் போட்டு நூலைக் கடித்து அறுத்தாள்.

"போய்த் தொலை. இந்த வாசப்படியை இனி மிதிச்சே, காலை வெட்டிடுவேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். லாரி கிளம்பிய சத்தம் ஓய்ந்த பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, அவர் சொன்னது பொய். விரல் நுனிவரைக்கும் தைச்சார். நான் குனிஞ்சு பார்த்துட்டேதான் இருந்தேன். குத்துதுன்னு கத்தினதுக்கு என் தலையில குட்டுகூட வெச்சார்."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"சொல்லியிருந்தா நூல் நின்னிருக்குமா?"

அவள் தெருவுக்கு ஓடினாள். புழுதிதான் மிச்சமிருந்தது. பொய்க்காரா, படுபாவி, சண்டாளா என்று வாய்க்கு வந்தபடி கத்தினாள். "போறவனைக்கூட விடமாட்டா போல" என்று பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டத் திட்ட இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி இந்த ஜென்மத்தில் அவளால் அவனுக்கு ஒரு தையல்கூடப் போட முடியாது.