மடத்திலிருந்து திரும்பியவள்

சாணார்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், சகாயசெல்விக்கு அந்த நாட்கள் இப்போதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். பதின்மூன்று வருஷம் ஓடியே போய்விட்டது. அப்போது அவளுக்கு இருபது வயது.

1954இல் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு மத்தியானம், தகரப் பெட்டியும் கையுமாகத் திருச்சி பஸ்ஸிலிருந்து திண்டுக்கல்லில் இறங்கினாள். கன்னியர் மடத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. துறவற வார்த்தைப்பாடு கொடுக்க நாலே மாதம் இருக்கையில் இருமல் வந்தது. இருமலோடு ரத்தமும் வந்தது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் காசநோய் என்றார். மடத்துத் தாயார் கண்கலங்கித்தான் அவளை வழியனுப்பினார்.

பஸ் நின்ற இடத்தில் அம்மா லூர்தம்மாள் காத்திருந்தாள். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வாத்தியார் வேலை பார்த்த கணவர் காலமான பிறகு, ஒரே மகளைச் சர்வேசுரனுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற பெருமையில்தான் அவள் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம், "எனக்கு மேலுக்கு முடியல, நாந்தான் கூப்ட்டுக்கிட்டேன்" என்று சொன்னாள்.

கொல்லைப்பக்கத்து அறை, தனித் தட்டு, தனி டம்ளர். கோயிலை ஒட்டியிருந்த சிஸ்டர்களின் மருந்தகத்தில் ஊசியும் மாத்திரையும். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. கடைசியாக எடுத்த படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அன்றைக்கே மடத்துக்குக் கடிதம் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. இந்த நோய் கண்டவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ள மடத்தின் சட்டத்தில் இடமில்லை; உனக்காகச் செபிக்கிறோம் என்று எழுதியிருந்தது.

நோய் வந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். செபமாலை கையில் இருந்தது, செபம் வாயில் வரவில்லை. 'நீர்தானே ஆண்டவரே கூப்பிட்டீர்? எனக்கு வழி தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு போம்.' அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மறுநாளும் அதையேதான் சொன்னாள். மாதக்கணக்கில் அது ஒன்றுதான் அவளுடைய செபம்.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லிகைப்பூ கொண்டுவந்து தெருவில் விற்கும் சுந்தரம்மாள், ஒரு வாரம் காணாமல் போய்விட்டு ஒருநாள் காலையில் வந்தாள். கூடையை இறக்காமலே லூர்தம்மாளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"வாத்தியாரம்மா, தப்பா நெனைக்காதீங்க. என் மருமவ ரத்தமா இருமுறா. ஒங்க பொண்ணுக்கு வந்ததும் அதானே? அது எப்படிப் பொழச்சுச்சு?"

லூர்தம்மாளின் முகம் கறுத்துவிட்டது. "யாரு சொன்னா ஒனக்கு? எம் மகளுக்கு ஒண்ணுமில்ல."

"தனியாத் தட்டு கழுவுறதப் பாத்தேன்மா. நான் யாருகிட்டயும் மூச்சு விடல."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்வி முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அதேதான் ஆத்தா எனக்கும் வந்துச்சு. செத்த நேரம் இருங்க, நானும் வாரேன்."

அம்மா அவள் கையை இறுகப் பிடித்தாள். "வெளிய தெரிஞ்சா ஒன்னைய யாருடி கேட்டு வருவா?"

"தெரியலம்மா," என்றாள் செல்வி. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

மருமகள் சண்முகவள்ளியைத் தோட்டத்துக் குடிசையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கஞ்சிக் கலயத்தை வாசலில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தையை அவள் கண்ணில் காட்டி நாலு மாதமாகியிருந்தது. செல்வி உள்ளே போய், அவள் படுத்திருந்த பாயிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பெண் பதறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"கிட்ட வராதீங்கக்கா!"

"எனக்கும் இருந்துச்சு. இப்பப் பாரு, பஸ் ஏறி வந்திருக்கேன்."

சுந்தரம்மாள் வில்வண்டி பிடித்துக் கொடுத்தாள். சண்முகவள்ளியை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தார்கள். தினம் ஊசி போட வேண்டும் என்றார்கள். தினமும் அவ்வளவு தூரம் வர அவளுக்குத் தெம்பில்லை. அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் செல்விக்கு ஊசியைக் கொதிக்க வைக்கவும் போடவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து விடிந்ததும் முதல் பஸ். இறங்கி வரப்பு வழியாக இரண்டு மைல் நடை. முதல் வாரம் அம்மா அவளோடு பேசவே இல்லை. இரண்டாவது வாரம் ஒரு காலையில் அடுப்படியில் தூக்குச்சட்டி கட்டி வைத்திருந்தது. திறந்தால் பழைய சோறும் துவையலும், இரண்டு பேருக்கு.

எல்லா நாளும் நன்றாகப் போய்விடவில்லை. ஒருநாள் மாத்திரையைத் துப்பிவிட்டுச் சண்முகவள்ளி கேட்டாள், "பிள்ளையே என்னைய மறந்திருக்கும். நான் எதுக்குக்கா பொழைக்கணும்? ஒங்க சாமியும்தான் ஒங்களத் திருப்பி அனுப்பிருச்சு."

செல்விக்குச் சுருக்கென்றது. வேறொரு மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"ஏன் அனுப்புனாருன்னு எனக்குத் தெரியல வள்ளி. ஆனா கைய விடல. அது மட்டும் தெரியும். நீ முழுங்கு."

அவள் விழுங்கினாள்.

பத்து மாதம் கழித்து, தை பிறந்த சமயம், படத்தைப் பார்த்த டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். சுந்தரம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் எதிரே வந்தாள். குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பத்தாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது. சண்முகவள்ளி கை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கூப்பிடாமல், வரப்பிலிருந்த கூழாங்கற்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை இறங்கி வந்து ஒரு கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தது. செல்வி தலையைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் பஸ் ஏறி வீடு சேர்ந்த வழியெல்லாம் தோத்திரம் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு ஓர் ஆள், இரண்டு ஆள் என்று தேடி வந்தார்கள். மாட்டுக்கொட்டத்திலும் களத்துக் குடிசையிலும் ஒளித்து வைத்திருந்தவர்களைத் தேடி அவளும் போனாள். மருந்தகத்திலேயே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிழைத்தவர்கள் நிறையப் பேர். பிழைக்காதவர்களும் உண்டு, வேடசந்தூர் பக்கத்தில் ஒரு மில் தொழிலாளி அவள் கையைப் பிடித்தபடியேதான் கண்ணை மூடினார். அன்றும் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

லூர்தம்மாள் இறந்து மூன்று வருஷமாகிறது. கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்கள், "மக எங்க?" என்று கேட்டால், "வேலைக்குப் போயிருக்கா. அவள ஆண்டவரு அனுப்பிருக்காரு" என்பாள். செல்வியிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அடக்கத்தன்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

பஸ் சாணார்பட்டியில் நிற்கிறது. இறங்க வேண்டும். நத்தம் ரோட்டைத் தாண்டி ஒரு வீட்டில் புதிதாக ஒருவர் காத்திருக்கிறார்.